வீட்டுக்குப் புள்ளடி போட்ட வன்னி

இலங்கையில எங்கட வன்னிப் பக்கம் எலெக்சன் எண்டா முந்தி ரிசல்ட் பாக்கிறதே ஒரு சம்பிரதாயத்துக்குத்தான். 1977ல தமிழர் விடுதலைக் கூட்டணியின்ட உதயசூரியன் சின்னத்துக்கு வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மூண்டு தொகுதியும் அப்படியே விழுந்தது. பிறகு வோட்டு வீதத்துக்கு ஏத்தமாதிரி சீட் பிரிக்கிற விகிதாசார முறை வந்து மூண்டையும் சேர்த்து வன்னி தேர்தல் மாவட்டம் எண்டு ஆக்கிப்போட்டாங்கள், இப்ப 6 சீட். (கிளிநொச்சிக்காரர் வோட்டு யாழ்ப்பாணத்தோட, அது எனக்கு இண்டைக்கும் வடிவா செமிக்கேல்ல.)

2004தான் உச்சம். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வீட்டுச் சின்னத்தில கேட்டு 6ல 5 எடுத்தது. 2010ல 3, 2015ல 4, திரும்ப 2020ல 3. ஆனா அப்பவும் முதலிடம் எங்கடயாக்களுக்குத்தான், மற்ற சீட்டுகள்தான் கை மாறும், ரிஷாட் பதியுதீன் மட்டும் கட்சி மாறினாலும் தோற்கமாட்டார், மன்னார் முஸ்லிம் சனத்தின்ட வோட்டு அவருக்கு அவ்வளவு உறுதி.

2024ல ஜனாதிபதி அநுரவின்ட தேசிய மக்கள் சக்தி, அதுதான் திசைகாட்டி, வன்னியில முதலாவதா வந்து 2 சீட் எடுத்தது. எல்லாரும் அநுர அலை எண்டாங்கள், சரி அலைதான், ஆனா வீடு (தமிழரசுக் கட்சி) ஒரு பக்கம் சங்கு (ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி) இன்னொரு பக்கம் எண்டு பிரிஞ்சு நிண்டு ஆளுக்கொரு சீட்டோட முடிச்சதையும் சொல்லோணும்தானே, அதோட அந்த நீட்டு வோட்டுச்சீட்டில எத்தினை சுயேச்சைக் குழு! சேர்ந்து கேட்டிருந்தா முதலிடம் போயிருக்காது எண்டுதான் நான் நினைக்கிறன். அண்ணை ஒத்துக்கொள்ளமாட்டார், அவர் இந்தமுறை திசைகாட்டிக்குப் போட்டவர்.