எங்க ஊரு அடிபம்பு, கட்டேட்டே பக்கத்துல

ஜாம்பியாவுக்கு நான் வந்தது 2024 ஜனவரி, இங்க பள்ளிக்கூட வருஷமே ஜனவரியிலதான் ஆரம்பிக்குது. லுசாக்காவுல பஸ் ஏறுனா கிரேட் ஈஸ்ட் ரோட்டுல கட்டேட்டே வந்து சேர ஒரு பகலே போயிடும், அப்புறம் மண் ரோடு, சைக்கிள் கேரியர்ல பெட்டிய கட்டி தள்ளிட்டு வந்தோம். வாலன்டியர் டீச்சர் வேலை, ஆறு, ஏழாம் கிளாஸுக்கு கணக்கு. சொந்த ஊர் அவிநாசி பக்கம்.

ஆறாம் கிளாஸ்ல மட்டும் 74 பிள்ளைங்க. 2022ல இருந்து அரசு பள்ளியில பீஸ் கிடையாதுன்னு ஆனதும் அதுவரைக்கும் வீட்டோட நின்னுபோன பிள்ளைங்க எல்லாம் வந்து சேர்ந்தாங்களாம், ஒரு பெஞ்சுல நாலு பேரு, மீதி பேரு தரையில. அதுகூட எனக்கு கஷ்டமா படல. பொண்ணுங்க லேட்டா வர்றதுதான் கோவம் வந்துச்சு. ஏழு மணி கிளாஸுக்கு ஏழே கால், ஏழரைன்னு வருவாங்க, பையனுங்கள்ல அவ்வளவு பேரு லேட் இல்ல. நம்ம ஊர் பழக்கத்துல வெளிய நிக்க வச்சேன். அப்பவும் முட்டிய மடக்கி, ரெண்டு கையையும் மெதுவா தட்டி வணக்கம் சொல்லிட்டுதான் அந்த பிள்ளைங்க நின்னுச்சு.

எனக்கு தண்ணி பக்கத்து வீட்டு அமாயி கொண்டுவந்து வச்சிருவாங்க. இங்க வயசுல பெரிய பொம்பளைங்கள அமாயின்னுதான் கூப்பிடணும், நமக்கு நாக்குல தானா வந்துடுது. ஒருநாள் அவங்களுக்கு மலேரியா காய்ச்சல், சரி நாமளே போவோம்னு விடியக்காலம் அஞ்சு மணிக்கு குடத்த எடுத்துட்டு போனேன். இருட்டுல தூரத்துலயே அந்த சத்தம் கேட்டுச்சு, செயின் இழுபடுற சத்தமும் இரும்பு கைப்பிடி டக்கு டக்குன்னு தட்டுறதும். எங்க அப்பத்தா வீட்டு முக்குல நின்ன அதே அடிபம்பு! கிட்ட போய் டார்ச் அடிச்சு பாத்தா சதுரமான தலை, நீட்டு கைப்பிடி, இந்தியா மார்க் 2. 1970கள்ல யுனிசெஃப்காரங்க கோயம்புத்தூர் பக்கம் போர்வெல்லுல மாட்டி சோதனை பண்ண பம்பு இதுதான், இன்னிக்கு ஜாம்பியா கிராமங்கள்ல எங்க பாத்தாலும் இருக்கு. கைப்பிடிய தொட்டதும் கண்ணு கலங்கிடுச்சு.

வரிசைய அப்பதான் பாத்தேன். முப்பது பேருக்கு மேல, பாதி பேரு என் கிளாஸ் பொண்ணுங்க. நான் நேத்து வெளிய நிக்க வச்ச பொண்ணு பதினாறாவதோ பதினேழாவதோ, மஞ்சள் கேன் ரெண்டு கையில. டீச்சர் முன்னாடி வாங்கன்னு எல்லாரும் வழிவிட்டாங்க, நான் கடைசியிலயே நின்னேன்.

அன்னிக்கு கிளாஸ்ல பாடப்புத்தகத்த தொறக்கல. ஒரு 20 லிட்டர் கேன் நிரம்ப பம்ப எத்தனை தடவ அடிக்கணும்னு கேட்டேன், எழுபதுன்னு எல்லாருக்கும் பாட்டு மாதிரி தெரியுது. நிமிஷத்துக்கு நாப்பது அடின்னா ஒரு கேனுக்கு ரெண்டு நிமிஷத்துக்கு கொஞ்சம் கம்மி. ஆளுக்கு ரெண்டு கேன், முப்பது பேரு, போர்டுல போட்டா கடைசி ஆளுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம். அதுக்கு மேல வீடு வரைக்கும் நடை. அந்த விடைய எழுதிட்டு சாக்பீஸ கீழ வச்சுட்டேன், நான் பண்ணது தப்புன்னு அந்த பிள்ளைங்க கிட்டயே சொன்னேன். ஹெட்மாஸ்டர் கிட்ட பேசி கணக்க ரெண்டாவது பீரியடுக்கு மாத்திக்கிட்டோம், முதல் பீரியட் வாசிப்பு, எப்ப வந்தாலும் உக்காந்து சேந்துக்கலாம்.

அந்த வருஷம் மழை ஏமாத்திடுச்சு. பிப்ரவரியில பச்சை மக்காச்சோளம் திங்க வேண்டிய நேரத்துல கதிரு காஞ்சு நின்னுச்சு, 29ந் தேதி அதிபர் தேசிய பேரிடர்னே அறிவிச்சார். நிறைய வீட்டுல ஒரு வேளைதான் நிஷிமா, நம்ம சோளக்களி மாதிரியே ஆனா வெள்ளையா இருக்கும், கபென்டான்னு நெத்திலி கருவாட்டு சைஸ் மீனு தொட்டுக்க இருந்தா அன்னிக்கு நல்ல நாள். பதினோரு மணிக்கு மேல பசங்களுக்கு கண்ணு சொருகும், தூங்குறவங்கள நான் எழுப்புறதில்ல.

ஜூன்ல குளிர் நேரத்துல பம்பு நின்னுபோச்சு. உள்ள இருக்கிற வாஷர் தேஞ்சு போனதுதான், சின்ன சாமான், ஆனா மார்க் 2ல அத மாத்த மொத்த பைப்பையும் வெளிய இழுக்கணும், மூணு மூணு மீட்டரா இரும்பு பைப்பு, ஒவ்வொண்ணும் அவ்வளவு கனம். தண்ணி கமிட்டி வீட்டுக்கு வீடு காசு சேக்கவே ஒன்பது நாள் ஆச்சு, அதுவரைக்கும் சதுப்பு பள்ளத்துல தோண்டுன ஊத்துதான், கலங்கல் தண்ணி. அந்த ஒன்பது நாளும் ஆறாம் கிளாஸ்ல பாதி பொண்ணுங்க வரவே இல்ல. மெக்கானிக் வந்த அன்னிக்கு பசங்க, ஆம்பளைங்க, டீச்சருங்க எல்லாரும் சேந்து பைப்ப இழுத்தோம், கையெல்லாம் துரு.

மறுநாள் ஏழே காலுக்கு, நான் முன்னாடி வெளிய நிக்க வச்ச அந்த பொண்ணு வந்தா. தலையில சும்மாடா சுத்தி வச்சிருந்த சிட்டெங்கே துணி சொட்ட சொட்ட நனைஞ்சிருந்துச்சு, அத ஜன்னல் கம்பியில காயப்போட்டுட்டு, நோட்ட எடுத்து உக்காந்துக்கிட்டா.