ஹான்லேக்கு 15 கிலோ

செப்டம்பர் 1, 2024, ஞாயிறு. தக்கலை.

பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. காலாண்டு விடுமுறையில் மைனியும் (மதினி) நானும் லடாக்கிலுள்ள ஹான்லேக்குப் போகிறோம். அங்கே சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள 1,073 சதுர கிலோமீட்டர் நிலம், இரவில் விளக்கொளி பரவாதபடி 2022 முதல் இருண்ட வானக் காப்பகமாகப் பேணப்படுகிறது. அக்டோபர் 2 அமாவாசை. சுசின்ஷான்-அட்லஸ் என்னும் வால்விண்மீன் செப்டம்பர் 27 அன்று சூரியனுக்கு மிக அருகே வந்து திரும்புவதால், அந்த வாரம் விடிவதற்கு முன் கீழ்வானில் அது தென்படலாம். இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டிய பால்வீதியை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஆசைக்கு நடுவே நிற்பது பெட்டி. விமானத்தில் ஒருவருக்கு 15 கிலோ, கையில் 7 கிலோ. அதற்குள் எதை வைப்பது என்று எழுத உட்கார்ந்தபோதுதான், குளிர் என்பது எனக்கு வெறும் பாடப்புத்தகச் சொல் என்பது புரிந்தது. என் உடல் அறிந்த மிகக் குறைந்த வெப்பநிலை, கொடைக்கானலில் ஒரு மார்கழி இரவில் பட்ட எட்டோ ஒன்பதோ டிகிரி. அதற்கே இரண்டு கம்பளிக்குள் பல் கிட்டிக் கிடந்தேன்.

செப்டம்பர் 4, புதன்.

பள்ளி விட்டதும் குலசேகரத்திலிருக்கும் பட்டாளத்துச் சித்தப்பாவைப் போய்ப் பார்த்தேன். லடாக்கின் லே பகுதியில் இரண்டு குளிர்காலம் இருந்தவர் எங்கள் குடும்பத்தில் அவர் ஒருவர்தான். பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கித் திறந்தபோது, பாச்சை உருண்டையின் நெடியும் பூஞ்சையின் நெடியும் கலந்து அறை முழுவதும் பரவின. நம் ஊர் ஈரத்தில் கம்பளியைக் காப்பது எளிதன்று. இரண்டு மழைக்காலம் வெயில் காட்டாமல் விட்டால் பச்சை பூத்துவிடும். பார்க்கா என்னும் தடித்த குளிர்க்கோட்டின் தோள்பட்டையில் அது பூத்திருந்தது. எடை போட்டுப் பார்த்தோம்: இரண்டு கிலோ 700 கிராம். என் மொத்தப் பெட்டியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

நான் அதை ஆசையோடு தடவிப் பார்ப்பதைக் கண்டு சித்தப்பா சிரித்தார். "இது எதுக்கு மக்ளே? பகல்ல அங்க வெயிலு முதுகப் பொளக்கும், நீ இதக் கையிலத் தூக்கிக்கிட்டு நடப்பே. கனமா ஒண்ணு வேண்டாம், லேசா நாலு எடு" என்றார். லேயில் ஒரே நாளில் நண்பகலுக்கும் நள்ளிரவுக்கும் இடையே இருபது டிகிரி வரை வேறுபாடு வரும் என்பதும், காற்று மெலிந்திருப்பதால் வெயிலில் சுடுவதும் நிழலில் நடுங்குவதும் நாலடி தூரத்துக்குள் நடக்கும் என்பதும் அவர் சொன்னவை. ஆகவே போட்டுக்கொள்வதைப் போலவே கழற்றுவதும் எளிதாக இருக்க வேண்டுமாம். கோட்டைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, அவர் தந்த இரண்டு சோடி கம்பளிக் காலுறைகளை மட்டும் வாங்கி வந்தேன். "குளிரு முதல்ல காலத்தான் பிடிக்கும்" என்று வாசல் வரை வந்து சொன்னார்.

செப்டம்பர் 7, சனி.

நாகர்கோவிலில் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஊட்டிக்குச் சுற்றுலா போகிறவர்களையும் மார்கழியில் பஜனைக்குப் போகிற பெரியவர்களையும் மனத்தில் வைத்துத்தான் இங்கே குளிராடை விற்கிறார்கள். எங்கே கேட்டாலும் மங்கி கேப்பும் முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டரும்தான் வெளியே வந்தன. இருந்தாலும் உடலோடு ஒட்டும் தெர்மல் உள்ளாடை இரண்டு சோடியும், ஃப்ளீஸ் துணியில் ஒரு மேல்சட்டையும் கிடைத்தன. பஞ்சு வைத்துத் தைத்த தடித்த ஜாக்கெட்டை லே கடைத்தெருவில் வாடகைக்கே எடுக்கலாம் என்பதால், அதற்குப் பெட்டியில் இடம் ஒதுக்குவதில்லை என்று முடிவு செய்தோம். உடம்பைத் தொடும் துணியை மட்டும் வாடகைக்கு எடுக்க மைனி சம்மதிக்கவில்லை. எனக்கும் அதுவே சரியெனப் பட்டது.

கணுக்கால் மூடும் காலணி ஒன்றும் வாங்கினேன். கடைப்பையன் கொடுத்த மெல்லிய காலுறையோடு போட்டுப் பார்த்தேன், கச்சிதமாக இருந்தது.

செப்டம்பர் 10, செவ்வாய்.

இன்று நடந்ததை எழுதச் சற்று வெட்கமாக இருக்கிறது. கையுறையைச் சோதிக்க இந்த ஊரில் குளிர் எங்கே கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, குளச்சல் மீனோடு வீட்டுக்கு வரும் அக்கா வாசலில் பாத்திரத்தை இறக்கினார். அவருடைய வண்டியில் ஐஸ் நிறைந்த தெர்மோகோல் பெட்டி இருந்தது. அனுமதி கேட்டு, இரு கைகளிலும் கையுறையை மாட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, சாளை மீன்களுக்கு நடுவே பத்து நிமிடம் கையைப் புதைத்து வைத்திருந்தேன். "டீச்சருக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்று அவர் அடுத்த வீட்டில் சொன்னது என் காதில் விழுந்தது.

கிடைத்த பாடம் சிறிதன்று. தடித்த கையுறைக்குள் விரல் சூடாகவே இருந்தது. ஆனால் அந்தக் கையோடு இருகண்நோக்கியின் (பைனாகுலர்) திருகைத் திருப்பவோ கைப்பேசியைத் தொட்டு இயக்கவோ முடியவில்லை. மெல்லியதில் திருகு திரும்பியது, ஐந்தாம் நிமிடத்தில் விரல் மரத்தது. ஆகவே மெல்லியது உள்ளே, தடித்தது மேலே என்று இரண்டும் வேண்டும். மைனியிடம் மெல்லியது மட்டுமே இருக்கிறது. அவள் அது போதும் என்கிறாள்.

செப்டம்பர் 12, வியாழன்.

மருத்துவரிடம் போனோம். லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வாயு கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். போய் இறங்கியதும் முதல் இரண்டு நாள் ஓய்வெடுப்பதே பெரிய மருந்து என்றார். உயரத்தால் வரும் நோயைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரையை எழுதும் முன், சல்ஃபா மருந்து எங்கள் இருவருக்கும் ஒவ்வாமை தருமா என்று கேட்டுக்கொண்டார். விரல் நுனியில் ஊசி குத்துவதுபோல் தோன்றினால் பயப்பட வேண்டாம் என்றும், அடிக்கடி சிறுநீர் கழியும் என்றும் சொன்னார். இரண்டாவது தகவல் கேட்டு மைனி முகம் சுளித்தாள். நான்கு அடுக்கு உடையோடு நள்ளிரவில் கழிப்பறைக்குப் போவதை நினைத்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். எனவே உள்ளாடை மேலும் கீழும் தனித்தனியாக இருப்பது நல்லது. ஒரே துண்டாகத் தைத்ததை வாங்காதது தெரியாமல் செய்த நல்ல காரியம்.

செப்டம்பர் 15, ஞாயிறு. திருவோணம்.

ஓண விருந்தைக் காலையிலேயே முடித்துக்கொண்டு, பிற்பகலில் மைனியின் ஸ்கூட்டரில் ஆரல்வாய்மொழிக்குப் போனோம். மேற்கு மலைத்தொடர் தாழ்ந்து வழிவிடும் அந்தக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று பிதுங்கிக்கொண்டு பாய்கிறது. முப்பந்தலின் காற்றாலைகள் அதை நம்பித்தான் நிற்கின்றன. குளிரை இங்கே வரவழைக்க முடியாது, ஆனால் காற்றை விலையில்லாமல் வாங்கலாம் என்பது என் எண்ணம்.

என் இடக்கையில் பருத்திச் சட்டைக் கை, வலக்கையில் தெர்மல் உள்ளாடையின் கை. இரண்டையும் புட்டித் தண்ணீரால் நனைத்துக்கொண்டு, காற்றாலைகளைப் பார்த்தபடி சாலையோரம் நின்றேன். கால்மணி நேரத்தில் வலக்கை ஏறத்தாழ உலர்ந்துவிட்டது. இடக்கையோ ஈரத்தை விடாமல் வைத்துக்கொண்டு, இந்த வெயில் நாட்டிலேயே சில்லிட்டு மயிர்க்கூச்செறிந்தது. பருத்தி நூல் நீரைத் தனக்குள் உறிஞ்சிக்கொள்ளும்; அந்த நீர் ஆவியாக வேண்டிய வெப்பத்தை என் தோலிலிருந்துதான் எடுக்கும். ஆவியாதல் பாடத்தை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன், கையில் வாங்கியது இன்றுதான். வியர்வையில் நனைந்தாலும் இதே கதை என்பதால், பெட்டியில் எடுத்து வைத்திருந்த ஐந்து பருத்தி சுடிதார்களில் நான்கு இன்றோடு வெளியேறின.

இன்னொன்றையும் கண்டேன். ஃப்ளீஸ் சட்டைக்குள் காற்று வலைக்குள் நீர் புகுவதுபோல் நுழைகிறது. ஆனால் அதன்மேல் ஸ்கூட்டருக்கென வாங்கிய சாதாரண மழைக்கோட்டைப் போட்டதும் உள்ளே ஒரு சிறு அறை உண்டானதுபோல் அடங்கிப்போனது. பூஜ்யம் டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், தோலுக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே ஏழு டிகிரிபோல் தெரியும் என்பது கணக்கு. அந்த ஏழு டிகிரியை 300 கிராம் மழைக்கோட்டால் தடுத்துவிடலாம். மழைக்கோட்டையும் எதற்கு என்று நான் முன்பு தயங்கியதுண்டு, ஏனெனில் லேயில் ஆண்டு முழுவதும் பெய்வதே சுமார் 100 மில்லிமீட்டர். பேச்சிப்பாறைப் பக்கத்தில் சில நாள்களில் அது ஒரே இரவின் மழை. ஆனாலும் 2010 ஆகஸ்டில் அதே லேயில் மேகம் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மறப்பதற்கில்லை.

திரும்பும்போது தோவாளையில் பூ வாங்கினோம்.

செப்டம்பர் 19, வியாழன்.

வெளிமாநில ப்ரீபெய்டு இணைப்பு லடாக்கில் வேலை செய்யாது என்பதால் என் எண்ணைப் போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொண்டேன். கைவிளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக ஒட்டினேன். இருளுக்குப் பழக அரைமணி நேரம் எடுக்கும் கண், வெள்ளை ஒளி ஒருமுறை பட்டாலே அந்தப் பழக்கத்தை இழந்துவிடும், சிவப்பு ஒளிக்கு அவ்வளவாக இழக்காது.

செப்டம்பர் 22, ஞாயிறு.

அம்மா ஒரு மேசை நிறையப் பண்டங்களைப் பரப்பி வைத்திருந்தாள்: ஏத்தங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து, கருப்பட்டி, சுக்கு, நார்த்தங்காய் ஊறுகாய், ஒரு புட்டி தேங்காய் எண்ணெய், அரைத்துக்கொள்ளக் கொப்பரை. கொப்பரையை முதலில் ஒதுக்கினேன். எண்ணெய்ச் சத்து மிகுந்த அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியதென்று விமானப் போக்குவரத்தில் ஆபத்தான பொருள்களின் பட்டியலில் இருப்பதை, வாழ்நாளெல்லாம் அதை முற்றத்தில் காயப்போட்ட அம்மாவுக்கு விளக்குவது பெரும்பாடாயிற்று. சிப்ஸ் உறைகளில் சிறு துளையிட்டு டப்பாவில் மாற்றினேன், இல்லையென்றால் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து பலூன்போல் உப்பிவிடும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். எனவே புட்டியை விடுத்து வாயகன்ற சிறு டப்பாவில் எடுத்தேன், கரண்டியால் சுரண்டிக்கொள்ளலாம். முந்திரிக்கொத்துக்கு நான் மறுப்பே சொல்லவில்லை. கெடாது, உடையாது, வெல்லமும் பயறுமாக ஒன்றே ஒருவேளைப் பசியைத் தாங்கும்.

வீட்டுத் தராசு நம்பகமானதன்று என்பதால் பெட்டியைத் தெருமுனை வாழைக்குலைக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் மட்டிக்குலையை இறக்கிவிட்டுக் கொக்கியில் பெட்டியை மாட்டினார். 17 கிலோ 400. வீட்டுக்கு வந்து அதைப் பிரித்ததில், "ஒருவேளை தேவைப்படும்" என்று வைத்தவையே இரண்டு கிலோவுக்கு மேல் வந்தன. இரண்டாவது சால்வை, குடை, மூன்று புத்தகம், சாரம் என்கிற லுங்கி ஒன்று (என்ன நினைத்து வைத்தேனோ) எல்லாம் போயின. தடித்த துண்டுக்குப் பதிலாகத் துவர்த்து என்னும் மெல்லிய துண்டு இரண்டு வைத்தேன். மறுபடி தூக்கியபோது 14 கிலோ 600.

செப்டம்பர் 28, சனி. திருவனந்தபுரம் விமான நிலையம்.

எடையை மிச்சப்படுத்தக் காலணியையும் ஃப்ளீஸையும் உடலிலேயே போட்டு வந்ததால், களியக்காவிளை தாண்டும் முன்பே வேர்த்து நனைந்துவிட்டேன். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும் என்பதை மறந்த மைனி, வரிசையிலேயே பெட்டியைத் திறந்து முந்திரிக்கொத்து டப்பாவுக்கு அடியிலிருந்து அதைத் தோண்டி எடுத்தாள்.

செப்டம்பர் 30, திங்கள். லே.

நேற்று வந்து இறங்கியதிலிருந்து படுத்தும் உட்கார்ந்தும் இருக்கிறோம். லேசான தலைவலி. தேங்காய் எண்ணெய் வெண்ணெய்போல் உறைந்திருக்கிறது. உதட்டு வெடிப்புக்கு அதையே தடவிக்கொள்கிறோம். மாலையில் மெல்ல நடந்து போய் ஆளுக்கொரு ஜாக்கெட் வாடகைக்கு எடுத்தோம்.

அக்டோபர் 2, புதன். ஹான்லே.

நேற்று இருட்டும் நேரத்தில் வந்து சேர்ந்தோம். விடியற்காலை நாலரை மணிக்கு விடுதியின் பின்புறம் போய் நின்றோம். வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே ஆறைக் காட்டியது. தெர்மல், ஃப்ளீஸ், ஜாக்கெட், மழைக்கோட்டு என்ற வரிசை ஆரல்வாய்மொழியில் பார்த்தபடியே வேலை செய்தது. காதுக்கும் கழுத்துக்கும் துவர்த்தைச் சுற்றிக்கொண்டேன். கைப்பேசியின் மின்கலம் அரைமணிக்குள் 70 விழுக்காட்டிலிருந்து 20க்கு இறங்கியதால் அதை உள்ளாடைக்குள் செருகினேன். கிழக்கே மலைக்கு மேல் வெளிறும் வானில், இருகண்நோக்கியின் வழியாக, வாலோடு நின்ற அந்தச் சிறு வெண்கீற்றைக் கண்டேன். மைனி என்னிடமிருந்து நோக்கியைப் பிடுங்கினாள்.

ஆனால் கால் தோற்றது. சித்தப்பா சொன்னதைக் கேட்டுக் கம்பளிக் காலுறை இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்தேன். மெல்லிய காலுறைக்கு அளவெடுத்த காலணிக்குள் அவை காலை இறுக்கி, இரத்தம் ஓடவும் வழியில்லாமல், சூட்டைத் தேக்கும் காற்றுக்கும் இடமில்லாமல் செய்துவிட்டன. அறைக்கு வந்து பெருவிரல்களைத் தேய்த்து உணர்வு வரவழைக்க நெடுநேரமாயிற்று. நோக்கியை மட்டும் உள்ளே கொண்டுவரும் முன் பிளாஸ்டிக் பையில் கட்டியிருந்ததால், பனித்த நீர் பையின் வெளியே நின்றது, கண்ணாடியில் படியவில்லை.

மைனியின் விரல்களும் சிவந்திருந்தன. இன்றிரவு நான் ஒரு சோடி காலுறையோடு போகிறேன். இன்னொரு சோடியை அவள் தன் கையுறைக்கு மேலே மாட்டிக்கொள்வாள். விரல்கள் தனித்தனியே நிற்காமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் சூடு தங்கும். இப்போதே மாட்டிப் பார்த்துவிட்டு, அந்தக் கைகளோடு டப்பாவிலிருந்து முந்திரிக்கொத்தை எடுக்க முயன்றுகொண்டிருக்கிறாள்.