ஈறு நோய்க்கு ஓசோன்: காரையை எடுத்த பிறகு பேசலாம்

மார்த்தாண்டத்தில் உள்ள ஒரு தனியார் பல் மருத்துவமனையில் என் மைனிக்கு ஈறு நோய் இருப்பதாகச் சொல்லி, பல்லில் இறுகிய காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங்குடன் ஓசோன் சிகிச்சையையும் பரிந்துரைத்திருக்கிறார்கள். ஓசோனை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்கேலிங்கை விட்டுவிடலாமா என்று அவர் கேட்டார். கூடாது என்றே சொன்னேன். ஆனால் அந்தக் கேள்வி வந்த இடம் எனக்கு நன்றாகவே புரிந்தது, ஏனென்றால் பல்லைச் சுரண்டினால் பல் ஆடத் தொடங்கிவிடும் என்ற நம்பிக்கை எங்கள் குமரி மாவட்டத்தில் படித்தவர்களிடமும் உண்டு.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பல்லில் படியும் நுண்ணுயிர்ப் படலத்தில் உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து இறுகும்போது பற்காரை உண்டாகிறது. கீழ்த்தாடை முன்பற்களின் உட்புறத்தில் அது பாளமாகப் படிந்து, பற்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். நலமான ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின் ஆழம் பொதுவாக 3 மில்லிமீட்டரைத் தாண்டாது. நோய் முற்ற முற்ற அது ஆழ்ந்து பையாகிறது, ஆக்சிஜன் குறைந்த அந்தப் பைக்குள் போர்பைரோமோனஸ் ஜின்ஜிவாலிஸ் போன்ற பாக்டீரியாக்கள் பெருகுகின்றன, அவற்றுக்கு எதிராக உடல் காட்டும் அழற்சியால் பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. எலும்பு ஏற்கெனவே போய்விட்ட நிலையில் காரையை எடுத்தால், வீங்கியிருந்த ஈறு சுருங்குகிறது, பற்களுக்கிடையே இடைவெளி தெரிகிறது, குளிர்ந்த நீர் பட்டால் கூசுகிறது, அதுவரை மறைந்திருந்த ஆட்டமும் தெரியவருகிறது. பழி ஸ்கேலிங்கின் மேல் விழுகிறது. வலியில்லை, சுரண்டல் இல்லை என்று சொல்லி வரும் எந்தச் சிகிச்சைக்கும் இங்கே வரவேற்பு இருப்பதில் வியப்பில்லை.

ஓசோன் என்பது மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த, நிலையற்ற வாயு. 1840இல் ஷேன்பைன் என்ற வேதியியலாளர் அதற்குப் பெயரிட்டார்; 1930களில் ஃபிஷ் என்ற பல் மருத்துவர் அதைப் பல் சிகிச்சையில் பயன்படுத்தினார். எதிர்ப்படும் பொருளை ஆக்சிஜனேற்றம் செய்து சிதைப்பதே அதன் இயல்பு. ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே வாழும் குலசேகரம் பக்கத்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம்: இழுவிசையில் இருக்கும் ரப்பரில், அதன் மூலக்கூறுகளில் கார்பன் அணுக்களைக் கோக்கும் இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் அறுப்பதால்தான் காலப்போக்கில் வெடிப்புகள் தோன்றுகின்றன. ஆலிவ் எண்ணெயிலும் அத்தகைய இரட்டைப் பிணைப்புகள் இருப்பதால்தான் அது ஓசோனை ஏற்று, ஈற்றில் பூசும் ஓசோன் எண்ணெயாக மாறுகிறது. வாயுவாகவும், பைக்குள் பீய்ச்சும் நீராகவும் ஓசோனைப் பயன்படுத்துவதுண்டு.

ஆய்வகத்தில் அது பாக்டீரியாக்களைக் கொல்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் வாய்க்குள் இரத்தமும் உமிழ்நீரும் நுண்ணுயிர்ப் படலத்தின் மேலடுக்கும் முதலில் எதிர்ப்படுவதால் ஓசோனின் பெரும்பகுதி அங்கேயே செலவாகிவிடுகிறது, கல்லாக இறுகிய காரையை அது கரைப்பதும் இல்லை. ஸ்கேலிங் மட்டும் செய்தவர்களையும், ஸ்கேலிங்குடன் ஓசோனும் பெற்றவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. சிலவற்றில் சிறிய கூடுதல் பலன் தெரிகிறது, பலவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் விதிமுறையோ ஓசோனை மருத்துவப் பயன் அறியப்படாத நச்சு வாயு என்றே குறிப்பிடுகிறது. சுவாசித்தால் நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு என்பதால், உறிஞ்சுகுழாய் இல்லாமல் அதைப் பயன்படுத்தும் இடத்தில் நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆஸ்துமா உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

செலவழிக்கும் பணத்துக்கு முதலில் கேட்டுப் பெற வேண்டியது, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் பையின் ஆழத்தை அளந்து எழுதிய குறிப்பும் எக்ஸ்ரேயும்தான். ஈற்றுக்குக் கீழே வேர்வரை சுத்தம் செய்து ஏறத்தாழ மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் அளந்தால், எந்தப் பை மூடியது, எதற்கு அறுவை சிகிச்சை வேண்டும் என்பது தெரிந்துவிடும். இடைப்பட்ட காலத்தில் இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும், வெற்றிலையோடு போடும் புகையிலையை நிறுத்துவதும், வெளியே தெரியும் வேரைத் தேய்த்துவிடும் உமிக்கரியை ஒதுக்குவதும் நோயாளியின் கையில் இருக்கின்றன. இவ்வளவுக்கும் பிறகு ஒரு மருத்துவர் குறிப்பிட்ட ஒரு பையைக் காட்டி அங்கே ஓசோன் நீரால் கழுவிப் பார்க்கலாம் என்றால், அதற்கான கட்டணம் தனியாக எவ்வளவு, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கொண்டு கழுவுவதைவிட அதனால் என்ன கூடுதலாகக் கிடைக்கும் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.