ஓனரக்கா

2025 மார்ச் 20
ஸ்ட்ரைக். எங்கள் எட்டு விசைத்தறியும் நின்றாயிற்று. தறியில் ஏற்றின பாவு நூல் பாதியில் அப்படியே கிடக்கிறது. மாமியார் மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கினார். இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததிலிருந்து பகலில் யாரும் தூங்கிப் பார்த்ததில்லை.

மார்ச் 22
சனிக்கிழமை. சம்பளம் இல்லாத சனிக்கிழமை.

தறி ஓனர் சங்கத்துக்காரர் எங்கள் வீட்டு ஆசாரத்தில் உட்கார்ந்து “நம்ம போராட்டம்” என்று அரை மணி நேரம் பேசினார். பாவு நூலும் ஊடை நூலும், கூலிக்கு நெய்யக் கொடுக்கிற ஏவாரியுடையது. நெய்கிற காடாத் துணியும் அவருடையது. தறியும் குடோனும் கரண்ட் பில்லும் உடைகிற சாமானும் எங்களுடையது. 2021 நவம்பரில் சோமனூர் ரகத் துணிக்கு 23 சதவீதம், மற்றதுக்கு 20 என்று கூலி உயர்வு பேசி முடித்தார்கள். கைக்கு முழுசாக வந்து சேரவில்லை. அதனால் நிறுத்தினோம். எல்லாம் சரி. ஆனால் தறி ஓட்டுகிறவருக்கு மீட்டருக்குத்தான் கூலி. தறியை நிறுத்தியது நாங்கள், கூலி நின்றது அவருக்கு. இதைச் சங்கத்துக்காரரிடம் கேட்க வாய் வந்தது. மாமியார் காப்பி கொண்டுவரச் சொன்னார்.

மார்ச் 25
பாக்கிக் கூலி கேட்க ஏவாரி ஆபீசுக்குப் போனோம். கணக்கு நோட்டு என்னிடம் இருப்பதால் நானும். வீட்டுக்காரர் செருப்பை வெளியே கழற்றினார். அங்கே யாரும் கழற்றச் சொல்வதில்லை; மற்றவர்களெல்லாம் ஷூவோடுதான் உள்ளே இருந்தார்கள். “உக்காருங்” என்றதும் “இருக்கட்டுங்க, இருக்கட்டுங்க” என்று சேரின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். சோபாவில் இருந்தவருக்குப் பீங்கான் கப்பில் டீ. எங்களுக்குப் பேப்பர் கப்பு.

எங்க ஊர் டீக்கடையில் இரட்டை டம்ளர் இருந்ததை அம்மாயி சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்போது பேப்பர் கப்பு. கழுவுகிற வேலை மிச்சம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பாக்கி கிடைக்கவில்லை. டீ நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 26
பகல் ஷிப்ட் அண்ணனின் சம்சாரம் வந்தது. “ஓனரக்கா, ரெண்டாயிரம் இருந்தாக் குடுங்க, தறி ஓடினதும் கழிச்சுக்கலாமுங்.” என்னைவிட ஏழெட்டு வயது பெரியது, நான் அக்கா. பக்கத்திலேயே சேர் கிடந்தது. படியில் உட்கார்ந்தது. “மேல உக்காருங்க” என்றேன். “இருக்கட்டுங்” என்றது. இரண்டாவது தடவை நான் சொல்லவில்லை.

அதுக்கு மாசம் 15-ஆம் தேதி உரிமைத் தொகை ஆயிரம் ஏறுகிறது. எனக்கு இல்லை. சொந்தமாக நாலு சக்கர வண்டி இருந்தால் கிடையாது. எங்களிடம் ஒரு ஓட்டை ஆம்னி நிற்கிறது. அதைத் தள்ளி விட்டால்தான் ஓடும். அரசாங்கக் கணக்கில் நான் வசதியானவள். நகை அடகுக்கடைக்காரர் கணக்கு வேறு. ஐநூறு ரூபாய்த் தாளாக நாலு எண்ணிக் கொடுத்தேன். அதுவும் வட்டிக்கு வாங்கினதுதான், அதுக்குத் தெரிந்திருக்கும்.

மார்ச் 29
கொழுந்தனுக்கு ஜாதகம் கொண்டுபோன தரகர் திரும்பி வந்தார். பொண்ணு வீட்டில் கேட்டது ஒன்றுதானாம். “சொந்தப் பாவா, கூலித் தறியா?” முன்னெல்லாம் தறி இருக்கிற வீடு என்றாலே ஜாதகம் தேடி வருமாம். எனக்கு அப்படித்தான் வந்தது.

ஏப்ரல் 2
கோயமுத்தூர் போய்வந்தேன். பஸ் சின்னியம்பாளையம் தாண்டும்போது அப்பாரு ஞாபகம். ரங்கவிலாஸ் மில் தொழிலாளிகள் நாலு பேரை 1946 ஜனவரி 8-ஆம் தேதி தூக்கில் போட்டதை ஊர்ப்பெயர் வரும்போதெல்லாம் சொல்லுவார். அவரும் மில் ஆள்தான். ஸ்ட்ரைக் என்றால் கேட்டுக்கு வெளியே நாம, உள்ளே அவன் என்பார். சாகிற வரைக்கும் “பேத்தியைத் தறி ஓனர் ஊட்டுல குடுத்திருக்குது” என்று ஒறம்பரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது நான் கேட்டுக்கு எந்தப் பக்கம்? அவர் இருந்தால் கேட்டிருப்பேன். இருந்தால் திட்டுதான் விழும்.

ஏப்ரல் 4
ராத்திரி ஷிப்ட் ஒடிசாப் பையன் திருப்பூரில் ரயில் ஏறிவிட்டான். மாமியாருக்கு அவன் வாங்கின அட்வான்ஸ் வெசனம். அவன் பாய், தட்டு, சாமி படம் எல்லாம் குடோனிலேயே இருக்கிறது. படத்துக்குப் பூ வைக்கலாமா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 5
இரும்புக்கடைக்காரர் கூப்பிடாமலே வந்து தறியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எடைக்குத்தான் விலை.

ஏப்ரல் 7
கரண்ட் பில். இரண்டு மாசத்துக்கு ஆயிரம் யூனிட் இலவசம். 2023-ல் 750-லிருந்து ஏற்றியது. எட்டுத் தறி ஓடினால் அது எந்த மூலைக்கு? இந்தத் தடவை குறைந்திருக்கிறது. வீட்டுக்காரர் பில்லைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 9
பந்தலில் உட்காரக் கருமத்தம்பட்டிக்குப் போகிறார்கள். பகல் ஷிப்ட் அண்ணன் காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். “நானும் வந்து உக்காரட்டுங்களா?” வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். ஓனர்கள் மட்டும் என்று யாரும் சொல்லவில்லை. வரலாம் என்றும் சொல்லவில்லை. “வெயிலா இருக்குமேப்பா” என்றார். அண்ணன், “தறி குடோன விடவாங்க?” என்று ஆம்னியைத் தள்ளப் போனார்.

வண்டி கிளம்பியதும் அவர் பின் சீட்டில் ஏறினாரா, இல்லை தள்ளிவிட்டு இறங்கு பாதையில் வீட்டுக்கு நடந்தாரா, நான் இருந்த இடத்திலிருந்து தெரியவில்லை. சாங்காலம் கேட்க வேண்டும்.

ஏப்ரல் 10
பேச்சுவார்த்தை தள்ளிப் போயிற்றாம். அரிசி தீர்ந்துவிட்டது.