ஒரே ஆம்ப், இரண்டு ஸ்பீக்கர்: கிட்டார் ஸ்பீக்கரை ஒப்பிடும் முறை

மும்பையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோட்டில் போய் 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் வேண்டும் என்று கேட்டால், "கித்னே வாட் கா?" (எத்தனை வாட்?) என்பதுதான் முதல் கேள்வியாக வரும். வாட் என்பது ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (வாய்ஸ் காயில்) எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்ற கணக்கு. ஒலி எப்படி இருக்கும் என்பதை அது சொல்லாது. சத்தம் எவ்வளவு வரும் என்பதைக்கூடச் சொல்லாது. அதற்கு சென்சிட்டிவிட்டி என்று வேறொரு எண் இருக்கிறது. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பதே அந்த எண். செலஸ்டியன் கம்பெனியின் ஜி12டி-75 மாடல் தாங்குவது 75 வாட், சென்சிட்டிவிட்டி 97 டெசிபல். அதே கம்பெனியின் ப்ளூ என்ற மாடல் தாங்குவது 15 வாட்தான், ஆனால் 100 டெசிபல். ஆம்ப்ளிஃபயரின் (ஆம்ப்) குமிழைத் தொடாமல் இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டினால் 15 வாட் ஸ்பீக்கர்தான் அதிகம் கத்தும். 3 டெசிபல் கூடுவது ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம்.

ஸ்பீக்கர் ஒப்பீடுகள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். சத்தம் கொஞ்சம் கூடினாலே காது அதைத் 'தெளிவு' என்று எடுத்துக்கொள்ளும். சத்தத்தைச் சமப்படுத்தாமல் செய்த எந்த ஒப்பீட்டிலும் சென்சிட்டிவிட்டி கூடிய ஸ்பீக்கர்தான் ஜெயிக்கும். அதற்குக் காது தேவையில்லை, டேட்டா ஷீட்டே போதும்.

தெளிவு என்று எதைச் சொல்கிறோம்? ஸ்டாண்டர்ட் ட்யூனிங்கில் கிட்டாரின் தடித்த ஈ தந்தி 82 ஹெர்ட்ஸ். 24 ஃப்ரெட் (மெட்டு) உள்ள கிட்டாரில் மெல்லிய தந்தியின் கடைசி ஃப்ரெட் சுமார் 1,320 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் கேட்பதெல்லாம் ஹார்மோனிக்ஸும் (ஸ்வரத்தோடு சேர்ந்து எழும் மேல் அலைகள்), மீட்டும் பிக் தந்தியில் உரசும் ஒலியும்தான். கிட்டார் ஸ்பீக்கரில் ட்வீட்டர் (மேல் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) கிடையாது. 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் ஒலி செங்குத்தாக விழும். ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் டிஸ்டார்ஷனில் பிறக்கும் கரகரப்பை வடிகட்டுவது அந்த வீழ்ச்சிதான். டிஸ்டார்ஷன் பெடலை நேராக ஹைஃபை ஸ்பீக்கரில் சொருகினால் குளவிக்கூட்டைக் கலைத்தது போல இரைவது இதனால்தான். எனவே ட்ரெபிளை ஏற்றினால் தெளிவு வரும் என்ற கணக்கு இங்கே செல்லாது. தெளிவைக் கெடுப்பது பெரும்பாலும் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையிலான வீக்கம். தெளிவைத் தருவது 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை ஸ்பீக்கர் காட்டும் மேடு. அந்த மேடு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு உயரம் என்பதில்தான் ஒரு மாடலுக்கும் இன்னொரு மாடலுக்கும் உள்ள வித்தியாசத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

பந்தல் சவுண்ட் சிஸ்டத்துக்குப் போடும் 12 அங்குல ஸ்பீக்கர் மலிவாகக் கிடைக்கிறது என்று கிட்டார் பெட்டிக்குள் வைப்பவர்கள் உண்டு. அதன் கோன் (அதிரும் கூம்பு) கனமானது, ஓரத்தில் துணி மடிப்பு, ரெசொனன்ஸ் (கோன் இயல்பாக அதிரும் அலைவரிசை) 50 ஹெர்ட்ஸ் பக்கம். கிட்டார் ஸ்பீக்கரின் கோன் மெல்லிய காகிதம், ஓரமும் அதே காகிதத்தின் மடிப்புதான், ரெசொனன்ஸ் 75 ஹெர்ட்ஸ் அல்லது அதற்குமேல். பந்தல் ஸ்பீக்கரில் பேஸ் தாராளமாக வரும். நமக்கு வேண்டிய மேல் மிட் (மேலே சொன்ன 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதி) செத்துக் கிடக்கும். ஈக்வலைசரால் அதை முழுக்கச் சரிசெய்ய முடியாது. கிட்டாருக்கு வேண்டிய நிறமே, கோன் வளைந்து நெளிந்து தானாகச் சேர்க்கும் ஒலிதான். கனத்த கோன் அப்படி நெளியாது.

இனி ஒப்பிடும் முறை. வாசித்ததைப் பதிவு செய்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஒரு லூப்பர் பெடல் அவசியம். கையால் வாசித்து ஒப்பிட்டால், ஸ்பீக்கருக்கு ஏற்றபடி விரல் தன்னையறியாமல் அழுத்தத்தை மாற்றிக்கொள்ளும். கிட்டாருக்கு அடுத்து, மற்ற எல்லா பெடலுக்கும் முன்னால் லூப்பரை வைத்து அரை நிமிடம் பதிவு செய்யுங்கள்: திறந்த கார்டு கொஞ்சம், பாம் ம்யூட் (உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அமுக்கி வாசிப்பது) கொஞ்சம், 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் ஒற்றை ஸ்வரங்கள். கட்டாயம் சேர்க்க வேண்டியது ஒன்று: தடித்த ஈ தந்தியில் 3-ஆம் ஃப்ரெட்டும் ஏ தந்தியில் 2-ஆம் ஃப்ரெட்டும் சேர்ந்த ஜி-பி ஜோடி. 98 ஹெர்ட்ஸும் 123 ஹெர்ட்ஸும் இவ்வளவு நெருக்கமாக ஒலிக்கும்போது, கலங்கலான ஸ்பீக்கரில் இரண்டு ஸ்வரம் என்றே தெரியாது. இதை முதலில் க்ளீனில் (டிஸ்டார்ஷன் இல்லாமல்) கேளுங்கள். கெயினை ஏற்றிக் கேட்டால் கலங்கலில் பாதி ஆம்பின் டிஸ்டார்ஷனிலேயே பிறக்கிறது. ஸ்பீக்கர் மேல் பழி போட்டுப் பயனில்லை.

அடுத்தது சத்தத்தைச் சமப்படுத்துவது. பிங்க் நாய்ஸை (எல்லா அலைவரிசையும் கலந்த சோதனை இரைச்சல்) ஆம்பின் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் துளையில் கொடுத்து, போனில் ஒரு சவுண்ட் மீட்டர் ஆப்பை வைத்து 1 மீட்டரில் அளந்தால் போதும். போன் காட்டும் எண் உண்மையில்லாமல் இருக்கலாம். இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே பொய்யைச் சொன்னால் நம் வேலை நடந்துவிடும். அரை டெசிபலுக்குள் கொண்டுவாருங்கள். வால்வ் (கண்ணாடிக் குழாய்) ஆம்பை உச்சத்தில் ஓட்டிக் கேட்பதாக இருந்தால், சமப்படுத்த மாஸ்டர் வால்யூமைத் திருப்பக் கூடாது, பவர் வால்வுகள் ஒலியைச் சிதைக்கும் அளவே மாறிவிடும். அப்போது மைக்கில் பதிவு செய்து கம்ப்யூட்டரில் சமப்படுத்துவதே வழி.

மைக் வைத்தால் அதன் இடம் அசையக் கூடாது. எஸ்எம்57 மைக்கை டஸ்ட் கேப்பின் (கோன் நடுவே உள்ள மூடியின்) நடுவிலிருந்து 2 செ.மீ. ஓரமாக நகர்த்தினாலே ஒலி மாறும். சில சமயம் ஸ்பீக்கரையே மாற்றியதைவிட அதிகமாக மாறும். தரையில் டேப் ஒட்டி, ஸ்டாண்டின் கால்களுக்கும் குறி போட்டுவிடுங்கள். பெட்டியும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இரண்டு கேபினட்டைப் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டால், மூலைக்குப் பக்கத்தில் இருப்பது பேஸ் கூடக் கொடுக்கும்.

உட்காரும் இடமும் அப்படித்தான். 12 அங்குலக் கோனின் அசையும் பகுதி ஏறத்தாழ 26 செ.மீ. அகலம், 1,300 ஹெர்ட்ஸுக்கு மேலே போகப் போக ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகக் குறுகும். ஆம்ப் தரையில், நீங்கள் நின்றபடி என்றால் அந்த வெளிச்சம் முழங்காலுக்குப் போகிறது. மந்தமாக இருக்கிறது என்று ட்ரெபிளை ஏற்றுவீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். ஆம்பைச் சாய்த்து வையுங்கள், அல்லது ஸ்டூலில் ஏற்றுங்கள்.

மும்பைக்கே உரிய ஒரு தொல்லை. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரு ஒன் பிஹெச்கே வீட்டில், சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டார் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கையில் எவ்வளவு சத்தம் வைக்க முடியும்? 2000-ஆம் ஆண்டு இரைச்சல் விதிகளில் குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45. குறைந்த சத்தத்தில் காது பேஸையும் ட்ரெபிளையும் விட்டு மிட்டை மட்டும் பிடிக்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். ஆகவே வீட்டில் 'பளிச்'சென்று பிடித்துப்போகும் ஸ்பீக்கர், ஜாம் ரூமில் ட்ரம்ஸோடு சேரும்போது காதைக் குத்தும். எங்கே வாசிக்கப்போகிறீர்களோ அந்தச் சத்தத்தில் கேட்டு முடிவெடுங்கள். வீட்டுக்கு மட்டும் என்றால் 97 டெசிபல் ஸ்பீக்கர்தான் வசதி. மாஸ்டரை இன்னும் கொஞ்சம் திறக்க முடியும்.

வால்வ் ஆம்புக்கும் ட்ரான்சிஸ்டர் ஆம்புக்கும் ஒரே ஸ்பீக்கர் இரண்டு விதமாக ஒலிப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்பீக்கரின் மின்தடை (இம்பிடன்ஸ்) என்று போட்டிருக்கும் '8 ஓம்' என்பது பெயருக்குத்தான். ரெசொனன்ஸில் அது 50 ஓமுக்கும் மேலே ஏறும். பிறகு 8 பக்கம் இறங்கி, காயிலின் இண்டக்டன்ஸால் (மாறும் மின்னோட்டத்தை எதிர்க்கும் குணத்தால்) மேல் அலைவரிசைகளில் மறுபடி ஏறும். வால்வ் ஆம்பின் அவுட்புட் இம்பிடன்ஸ் அதிகம். ஓம் ஏறும் இடத்தில் வோல்டேஜும் ஏறும், பேஸும் ட்ரெபிளும் தாமாக வீங்கும். பெரும்பாலான ட்ரான்சிஸ்டர் ஆம்புகள் இதைக் கண்டுகொள்வதில்லை. வால்வ் ஆம்பில் கேட்டு ஆசைப்பட்ட ஸ்பீக்கர் உங்கள் ட்ரான்சிஸ்டர் காம்போவில் தட்டையாகக் கேட்டால், ஸ்பீக்கர் போலியா என்று சந்தேகிக்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

மாடல்களின் குணத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம், எனக்கு முக்கியமாகப் படுவதை மட்டும் சொல்கிறேன். செலஸ்டியனின் 25 வாட் ஜி12எம் க்ரீன்பேக்கில் மிட் முன்னே நிற்கும், பேஸ் தளர்வு, சீக்கிரமே கோன் தானாகக் கரகரக்கத் தொடங்கும். அதே கம்பெனியின் வின்டேஜ் 30-இல் மேல் மிட்டின் மேடு உயரம். இரண்டு கிட்டார் இருக்கும் பேண்டில் வெட்டிக்கொண்டு வரும். தனியாகக் கேட்டால் சிலருக்கு மூக்கால் பேசுவது மாதிரி இருக்கும். ஜி12டி-75-இல் மிட் குழி. வீட்டில் பிரமாதம், பேண்டில் தொலைந்துபோகும். ஜென்சன் சி12என் க்ளீனுக்குப் பளபளப்பானது, கெயின் ஏற்றினால் கூர்மை உறுத்தும். எமினன்ஸின் கேனபிஸ் ரெக்ஸுக்குச் சணல் நார்க் கோன், ட்ரெபிள் மழுங்கி வரும். கூர்மையான ஆம்புக்கு நல்ல மருந்து. எலெக்ட்ரோ-வாய்ஸ் இவிஎம்12எல் 200 வாட் தாங்கும், கடைசி வரை கரகரக்காது. தெளிவு மட்டும்தான் வேண்டும் என்றால் இதற்கு மேல் ஒன்று தேட வேண்டாம். ஆனால் அதன் கனத்தோடு லோக்கல் ரயிலில் ஏற வேண்டியிருக்கிறதே! தாதரில் இறங்கும்போது நியோடிமியம் காந்த ஸ்பீக்கர் ஏன் விற்கிறது என்று புரியும்: சாதாரண ஃபெரைட் ஸ்பீக்கர் 4 முதல் 5 கிலோ என்றால் அது சுமார் 2 கிலோ.

ஒரே ஒரு ஸ்பீக்கர் போடும் பெட்டியில், ஆம்பின் வாட்டைப் போல் இரண்டு மடங்கு தாங்கும் ஸ்பீக்கரை எடுப்பதே பாதுகாப்பு. 20 வாட் வால்வ் ஆம்பை முழுக்கத் திருகினால் அலை சதுரமாகி, கிட்டத்தட்ட 40 வாட் வரை போகும். காயில் எரியாவிட்டாலும் சூடேறும். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் கூடும். 100 டிகிரி ஏறினால் 6.5 ஓம் காயில் 9 ஓம் ஆகிவிடும். ஒரு மணி நேரம் வாசித்தபின் சத்தம் அமுங்கியது போலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு ஸ்பீக்கர் கலந்து போடுவதாக இருந்தால் இரண்டின் ஓமும் ஒன்றாக இருக்கட்டும், சென்சிட்டிவிட்டி 2 டெசிபலுக்குள் இருக்கட்டும். இல்லாவிட்டால் சத்தம் குறைந்த ஸ்பீக்கர் சும்மா கூட நிற்கும். இரண்டு 8 ஓமைப் பேரலலில் இணைத்தால் 4, சீரிஸில் 16. மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் 6 முதல் 7 வரை காட்டும். கெட்டுப்போனது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். போலாரிட்டியை (ப்ளஸ், மைனஸ் எது என்பதை) பார்க்க 9 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டால் போதும்: ப்ளஸ்ஸுக்கு ப்ளஸ் பட்டால் கோன் வெளியே தள்ள வேண்டும். பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்கள் மட்டும் உள்ளே இழுக்கும். ஒன்று வெளியேயும் ஒன்று உள்ளேயும் போனால் பேஸ் காணாமல் போகும். தெளிவாக இருக்கிறதே என்று அதைப் பாராட்டுபவர்களும் உண்டு. ஸ்பீக்கர் கழன்றிருக்கும்போது வால்வ் ஆம்பை மட்டும் ஆன் செய்துவிடாதீர்கள், அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

பெட்டியை ஆசாரியிடம் செய்யக் கொடுத்தால், 18 மி.மீ. ப்ளைவுட்டில் செலஸ்டியன் 12 அங்குலத்துக்கு 283 மி.மீ. ஓட்டை என்று எழுதியே கொடுங்கள். 12 அங்குலம் என்று வாயால் சொன்னால் 305 மி.மீ. வெட்டிவிடுவார், ஸ்க்ரூ கடிக்க மரமே இருக்காது. ஸ்க்ரூக்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் ஃப்ரேம் வளையும், காயில் இடுக்கில் உரசும். உரசுகிறதா என்று அறிய, இரு கை விரல்களாலும் கோனைச் சமமாக மெல்ல அழுத்தி விடுங்கள். கரகர என்றால் உரசல். கீழே விழுந்த ஸ்பீக்கரில் ஒட்டியிருந்த காந்தமே நகர்ந்து காயிலைப் பிடித்திருக்கலாம். பழைய ஸ்பீக்கர் வாங்கும்போது இந்தச் சோதனையைச் செய்யாமல் காசு கொடுக்க வேண்டாம். கோன் மாற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பந்தல் ஸ்பீக்கரின் கோனை ஒட்டிக் கொடுத்திருந்தால் பின்னால் லேபிள் எதுவாக இருந்தாலும் அது பந்தல் ஸ்பீக்கர்தான்.

மழைக்காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, காகிதக் கோன் ஈரம் குடித்துக் கனக்கும், ட்ரெபிள் சற்றே மங்கும். மே மாதம் பதிவு செய்ததையும் ஜூலையில் பதிவு செய்ததையும் வைத்து இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடாதீர்கள். பெட்டியைத் தரையில் நேராக வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மூடுவதற்குப் பிளாஸ்டிக் வேண்டாம், பருத்தித் துணி போதும். உள்ளே அடைந்த ஈரம் காந்த இடுக்கில் துரு கட்டும். கோனில் சின்னக் கிழிசல் என்றால் இரண்டு பக்கமும் டிஷ்யூ காகிதத்தை வைத்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலை மெல்லிசாகத் தடவினால் தாங்கும். கெட்டியாகப் பூசினால் அந்த இடம் விறைத்து, கிழிசலைவிட அதிகமாக ஒலியைக் கெடுக்கும்.