லம்பத்துக் கெண்டையும் பனிக்காலக் கெண்டையும்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. டிசம்பரில் விடிகாலை மோட்டாரில் போனால் ஒரு ஜாக்கெட் தேவைப்படும், அவ்வளவுதான், அதையே பெரிய மாமா "பனி கொட்டுது பாரு" என்பார். போன வருஷம் இதே மாதம் நான் செக் நாட்டில், புர்னோ நகரத்தில், நிஜப் பனியில் பூட்ஸ் நனைய நின்று தெருவோரத் தொட்டியிலிருந்து கெண்டை வாங்கிக்கொண்டிருந்தேன். இந்த வருஷம் வேலையில் லீவு கிடைத்ததும் அம்மாவைப் பார்க்க கிள்ளானுக்கு வந்து, மூன்றாம் நாளே கோலாலம்பூர் கே.எல். சென்ட்ரலில் இ.டி.எஸ் ரயில் ஏறிவிட்டேன். மாமா போனில் சொன்னது ஒரே வார்த்தை: "லீ கோ ஏறுது, வா."

லீ கோ என்றால் கெண்டை, மீசை வைத்த அசல் கெண்டை. இங்கே தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் அதைச் சீனப் பேரில்தான் கூப்பிடுகிறோம்.

மாமா பால்மரம் வெட்டினவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். அவர் வெட்டின கித்தா மரமெல்லாம் செம்பனையாகி ரொம்ப நாளாகிவிட்டது, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தையும் இடித்துவிட்டார்கள். மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தனின் ஊர் இது என்பதை யார் வந்தாலும் சொல்லாமல் விடமாட்டார். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, தொழிலாளிகளே சேர்ந்து தோட்டம் வாங்கட்டும் என்று சம்பந்தன் 1960-ல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய கதை, ரயில் நிலையத்திலிருந்து வீடு போய்ச் சேர்வதற்குள் எனக்கு இன்னொரு தடவை கிடைத்தது. நான்காவது தடவை என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை செமோர் பக்கம் ஒரு பழைய ஈய லம்பத்துக்கு, அதாவது ஈயம் தோண்டின சுரங்கக் குழிக்குப் போனோம். (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: இங்கே ஈயம் என்றால் வெள்ளீயம், பயப்பட வேண்டாம்.) கிந்தா பள்ளத்தாக்கு முழுக்க இப்படிக் குட்டைகள்தான். 1985-ல் ஈய விலை விழுந்ததும் லம்பங்களை மூடிவிட்டுப் போனார்கள், குழியில் மழைத் தண்ணீர் நின்றது, அப்புறம் மீன் வந்தது. சில குட்டைகளில் சீனர்கள் மீன் வளர்க்கிறார்கள், மற்றவை தூண்டில்காரர்களுக்கு. கரை வெறும் மணல், இரண்டடி எடுத்து வைத்தால் முழங்கால் தண்ணீர், மூன்றாவது அடியில் ஆளே முங்கிவிடும். "அந்த வெள்ளை மணலுக்கு அப்பால கால வெச்சிடாதே" என்று மாமா சொல்லி ஐந்து நிமிஷம்கூட இருக்காது, நான் வழுக்கி இடுப்புவரை போனேன். போன் பாக்கெட்டில். அதைப் பற்றி மேற்கொண்டு பேசுவதாக இல்லை.

இரை மாமாவே பிசைந்தார். வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு, நேற்றைய ரொட்டி, கொஞ்சம் தவிடு, நகக்கண் அளவு பெலாச்சான் என்ற இறால் விழுது. பிசைந்து பிசைந்து காதுமடல் பதத்துக்கு வந்ததும் கொட்டைப்பாக்கு அளவுக்கு உருட்டி, தூண்டில் முள் தெரியாமல் பொத்தினார். "தண்ணியில கரையணும், ஆனா உடனே கரையக் கூடாது." இந்தப் பதம் எனக்குக் கடைசிவரை வரவில்லை. நான் உருட்டினது எல்லாம் வீசும்போதே பறந்து தனியாக விழுந்தது.

முதலில் ஏறினதெல்லாம் லம்பாம். வெள்ளி நிறம், தட்டை உடம்பு, அதுவும் கெண்டைக் குடும்பம்தான். லம்பத்தில் லம்பாம் என்று நான் சொன்ன ஜோக்குக்கு மாமா சிரிக்கவில்லை, ஏற்கெனவே ஆயிரம் தடவை கேட்டிருப்பார். லம்பாம் தக்கையைத் துடிக்க விடும். லீ கோ அப்படி இல்லை. அதற்குத் தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள்தான் பல். இரையை உறிஞ்சும், சந்தேகம் வந்தால் துப்பும், மறுபடி உறிஞ்சும். தக்கை ஒரு நூல் மேலே எழும்பி, கொஞ்சம் சாய்ந்து, சும்மா நிற்கும். அப்போது இழுத்தால் போச்சு. சாய்ந்த தக்கை நகர ஆரம்பிக்கும்வரை மாமா சுருட்டைக்கூட வாயிலிருந்து எடுக்கவில்லை.

காத்திருந்த நேரத்தில் அவருக்கு ஒரே சந்தேகம்: பனி நாட்டில் குட்டை உறைந்துபோனால் மீன் எப்படிக் கடிக்கும்?

கடிக்காது மாமா, அதுதான் விஷயம் என்றேன். தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனாலே கெண்டைக்குப் பசி குறைந்துவிடும். மேலே ஐஸ் மூடினாலும் அடியில் 4 டிகிரி தண்ணீர் இருக்கும், தண்ணீர் அந்தச் சூட்டில்தான் அதிகக் கனம், அதனால் கீழே தங்கிவிடும். கெண்டைகள் அந்த ஆழத்தில் கூட்டமாக, உடம்பிலிருக்கும் கொழுப்பிலேயே காலத்தை ஓட்டிக்கொண்டு கிடக்கும். நானும் ஒரு சக ஊழியரோடு போய் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். உச்சிவேளையில் கொஞ்சம் வெயில் வந்தால் ஒன்றிரண்டு அசையும் என்று அவர் முள்ளில் இரண்டே இரண்டு சோளமணி கோத்து ஆழத்தில் இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் அசையவில்லை. எனக்குக் கால்விரல்தான் மரத்தது.

"அப்ப கடையில விக்கிறதெல்லாம்?"

அதையெல்லாம் தூண்டிலில் பிடிப்பதில்லை. ட்ரெபோன் என்ற ஊர்ப் பக்கம் பெரிய பெரிய மீன்குளங்கள் இருக்கின்றன. அதிலே பெரியது ரோஜ்ம்பெர்க், 1584-லிருந்து 1590 வரை வெட்டிக் கட்டியது. குளிர் இறுகுவதற்கு முன்னால், இலையுதிர் காலத்திலேயே, குளத்துத் தண்ணீரை வடித்து வலையில் மீனைக் கூட்டி அள்ளுகிறார்கள். அள்ளினதும் விற்பதில்லை. சுத்தமான தண்ணீர் ஓடும் தொட்டிகளில் தீனி போடாமல் வைத்திருந்து, கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம்தான் தெருவுக்குக் கொண்டுவருகிறார்கள். வீட்டில் அதை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து உருளைக்கிழங்கு சாலட்டோடு சாப்பிடுவார்கள், தலையில் சூப். முன்னெல்லாம் உயிரோடு வாங்கிக் குளியல் தொட்டியில் விட்டுவைப்பார்களாம்.

மாமா இதைக் கேட்டுவிட்டு, "சேறு கக்க வைக்கிறாங்க, நாம தோம்புல போடற மாதிரி" என்றார். அதேதான். (தோம்பு என்றால் தண்ணீர் பிடித்துவைக்கும் பீப்பாய்.)

பதினோரு மணிக்கு லீ கோ ஏறியது. இழுக்கும்போது நாலு கிலோ என்று இரண்டு பேரும் சத்தியம் செய்தோம், வீட்டுத் தராசில் 1 கிலோ 800 காட்டியது. மழைத்தண்ணீர் பிடித்துவைத்த தோம்பில் விட்டு, மேலே பலகை, பலகைமேல் அம்மிக்கல். இரண்டு நாள் தீனி கிடையாது. ராத்திரி முழுக்க டம் டம் என்று தோம்பில் மோதிக்கொண்டே இருந்தது, பக்கத்து அறையில் படுத்திருந்த எனக்குத் தூக்கமே இல்லை.

இதில் ஒரு சிக்கல். மாமா மகன் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறான், வீட்டில் மீன் ஏறக் கூடாது. தோம்பு வாசலுக்கு வெளியே என்பதால் தப்பு இல்லை என்று மாமா வாதாடினார், அத்தை பதிலே சொல்லவில்லை. கடைசியில் மூன்று வீடு தள்ளி, அத்தையின் தங்கை வீட்டுப் பின்கட்டில்தான் வெட்டினது, சமைத்தது எல்லாம்.

சின்ன அத்தை பித்தப்பையை உடைக்காமல் முதலில் எடுத்துத் தூரப் போட்டார். அது உடைந்தால் கறி முழுக்கக் கசக்கும். அப்புறம் தோல் பக்கமாகக் கத்தி வைத்து, நெல்மணி அகலத்துக்கு ஒரு கீறல், பக்கத்திலேயே இன்னொன்று, சரக் சரக்கென்று முள் அறுபடும் சத்தம் கேட்கக் கேட்க வாலிலிருந்து தலைவரை. கெண்டைச் சதைக்குள் கவட்டை மாதிரி பொடி முள் ஏராளம். இப்படிக் கீறிப் பொரித்தால் முள்ளும் சேர்ந்து முறுகிவிடும். செக் நாட்டிலும் இதே வேலையைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன் என்றேன். "பின்னே, முள்ளு எல்லா ஊர்லயும் முள்ளுதானே" என்றார்.

பாதி பொரியல், பாதி புளிக்குழம்பு. கெட்டிப் புளி, கைநிறைய பூண்டு, வெந்தயம், கடைசியில் கறிவேப்பிலை. அந்த மண்வாசனைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள், முதல் மழையில் மண் மணப்பதும் அதனால்தான், புளிப்பு பட்டால் அது உடைந்துவிடும். இதை நான் விளக்கத் தொடங்கியபோது சின்ன அத்தை இன்னும் கொஞ்சம் புளி கரைத்துக்கொண்டிருந்தார், காதில் விழுந்ததா தெரியாது. சும்மா சொல்லக் கூடாது, புர்னோவில் நான் தின்ற கெண்டைக்குக் கொழுப்பும் சதைக்கட்டும் அதிகம். லம்பத்துக் கெண்டை கொஞ்சம் தளர்வுதான். ஆனால் குழம்பென்று வந்தால் பேச்சுக்கே இடமில்லை.

மீதிக் குழம்பை டப்பாவில் அடைத்து, பிளாஸ்டிக் பையில் மூன்று சுற்று சுற்றி, அம்மாவுக்கு என்று கொடுத்துவிட்டார்கள். ரயிலில் டப்பாவைக் காலடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஈப்போ தாண்டியதும் எதிர் சீட்டுப் பெரியவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"தம்பி, ஆத்து மீனா, லம்பத்து மீனா?"