‘நார்மல்’ ரிப்போர்ட்டை நம்ப முடியாமல் அலைந்த கதை

வயலில் பூச்சிமருந்து அடிக்கும் பருவம் தொடங்குமுன் கோலினெஸ்டிரேஸ் ரத்தப் பரிசோதனையை ஒருவழியாக எடுத்துவிட்டேன். நரம்புகள் வேலை செய்யத் தேவையான ஒரு நொதி அது; சில பூச்சிமருந்துகள் உடம்பில் ஏறினால் குறையும். நிம்மதிதான். ஆனால் இதற்கு இவ்வளவு அலையவிட்டிருக்க வேண்டாம்.

போன பருவத்தில் அப்படிப்பட்ட ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து அடித்த நாட்களில் தலைவலி, குமட்டல், கண் மங்கல், விடாத வியர்வை. டாக்டர் வெயில் என்றார். என்ன மருந்து அடித்தேன் என்று சொல்லியும் அதே பதில். வற்புறுத்திய பிறகே டெஸ்ட் எழுதினார். ‘நார்மல்’ என்று வந்தது. அந்த வார்த்தையை அப்படியே நம்பிவிடாதீர்கள். இந்த நொதியின் அளவு ஆளுக்கு ஆள் நிறைய மாறும். இயல்பாகவே அதிகம் உள்ளவருக்குக் கணிசமாகக் குறைந்தாலும் ரிப்போர்ட் நார்மல்தான் காட்டும். அவரவருடைய பழைய அளவோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். அந்த முதல் அளவை, இந்த வகை மருந்துகள் குறைந்தது 30 நாள் மேலே படாமல் இருந்து எடுக்க வேண்டும்.

அதற்காகத்தான் இந்த முறை முன்கூட்டியே போனேன். லேப் கவுண்டரில், “ஆபரேஷனா சார்?” என்றார்கள். மயக்க மருந்து கொடுக்கும் முன் பார்க்கிற, ரத்த பிளாஸ்மாவில் உள்ள சூடோகோலினெஸ்டிரேஸை எடுத்துக் கொடுத்தும்விட்டார்கள். நான் கேட்டது ரத்தச் சிவப்பணுவில் உள்ள கோலினெஸ்டிரேஸ் அளவு. “ரெண்டும் ஒண்ணுதான்” என்று சாதித்தார் கவுண்டரில் இருந்தவர். ஒன்றே அல்ல! பிளாஸ்மா அளவு கல்லீரல் கோளாறிலும் குறையும், மருந்தால் குறைந்தால் சில வாரங்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். சிவப்பணு அளவு நரம்புகளில் நடப்பதை இன்னும் சரியாகக் காட்டும். முழுதாக மீள மூன்று நான்கு மாதம்கூட ஆகலாம்.

கடைசியில் உள்ளே இருந்த டெக்னீஷியனிடம் பேசியதும் வேலை முடிந்தது. ரத்தத்தை வெளியூர் லேபுக்குக் குளிர்பெட்டியில் அனுப்புகிறார்களாம். வாரத் தொடக்கத்தில் காலையிலேயே போனால் வழியில் தேங்காது.

போகிறவர்கள் சீட்டில் ‘ரத்தச் சிவப்பணு’, ‘பிளாஸ்மா’ இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பருவத்தின் நடுவிலும் அதே லேபில் எடுங்கள். லேப் மாறினால் அளவிடும் முறையும் மாறலாம், அப்புறம் ஒப்பிட முடியாது. சொந்த அளவிலிருந்து 20% குறைந்தாலே கையுறை, முகமூடி, தெளிப்பான் கசிவு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சிவப்பணு அளவு 30% குறைந்தால் மருந்துப் பக்கமே போகக் கூடாது. கார்பமேட் என்ற இன்னொரு வகைப் பூச்சிமருந்தை மட்டும் அடிப்பவர்களுக்கு இந்த டெஸ்ட் அவ்வளவாக உதவாது. அந்தக் குறைவு சீக்கிரமே சரியாகிவிடும்.

யாருக்காவது கண்மணி சுருங்கி, எச்சில் வழிந்து, மூச்சுத் திணறினால் டெஸ்ட்டுக்கெல்லாம் காத்திருக்காதீர்கள். உடையைக் கழற்றி, சோப்பு போட்டுக் கழுவி, மருந்து லேபிளோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

என் தம்பியும் அதே தெளிப்பானைத்தான் முதுகில் சுமக்கிறான். அவனுக்கும் சீட்டு எழுதி வாங்கியாயிற்று, இந்த முறை டெஸ்ட் பெயர் சரியாக.